கரையில் கொட்டிய கல் எங்கே போகிறது?

ஆற்றங்கரை உடைந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது கருங்கல் லாரிதான். நான் ஆற்றுப் பணிகளுக்கு வந்த புதிதில், ஒரு வளைவில் மூன்று மழைக்காலங்களாகக் கல் கொட்டியிருந்தார்கள். கரை பின்வாங்குவது நிற்கவில்லை. “இங்கே போட்ட கல்லுக்கு ஒரு கோயிலே கட்டியிருக்கலாம் தம்பி” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

வளைவில் திரும்பும் ஆறு நேராக ஓடுவதில்லை, புரண்டு ஓடுகிறது. மேல்மட்ட நீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்கும். பிறகு படுகையை ஒட்டியபடி, மணலை வாரிக்கொண்டு உட்கரைக்குப் போகும். வெளிக்கரையின் அடியில் பள்ளம் விழ, எதிரே மணல்திட்டு வளரும். கொட்டிய கல் சரிந்து போவது அந்தப் பள்ளத்துக்குள்தான்.

இந்தப் புரளலையே எதிர்க்க அமெரிக்காவின் அயோவாவில் ஒட்கார்ட், கென்னடி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். படுகையில் குட்டையான பலகைகளை வரிசையாக நட வேண்டும். உயரம் வெள்ளநீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு, நீளம் அந்த உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. நீரோட்டத்துக்கு 15 முதல் 25 டிகிரி சாய்வாக நிற்கும் பலகை, தனக்குப் பின்னால் ஒரு எதிர்ச்சுழலை உண்டாக்கி, அடி நீரையும் மணலையும் வெளிக்கரைப் பக்கமே திருப்பிவிடும். ஈஸ்ட் நிஷ்னாபோட்னா என்ற ஆற்றின் வளைவில் இதை நிறுவிப் பார்த்தார்கள். சாய்வை மறுபக்கம் வைத்துவிட்டால் கரை முன்னைவிட வேகமாகக் கரையும். கோடையில் வறண்டு கிடக்கும் நம் ஆறுகளுக்குக் கான்கிரீட் பலகையே நல்லது. இரும்பாக இருந்தால் வெள்ளம் வரும்வரை அங்கே இருக்குமா என்பது சந்தேகம்.

பலகைகள் மணலை இடம் மாற்றத்தான் செய்யும். மொத்தப் படுகையே தாழ்ந்துகொண்டிருந்தால் அவை அந்தரத்தில் நிற்கும். அங்கே தேவை, ஆற்றின் குறுக்கே படுகை மட்டத்தில் கட்டும் படுகை அணை. திருச்சி அருகே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைக் கட்டியதும், காவிரிக் கிளைக்கு நீர் கூடி அதன் படுகை அரிக்கத் தொடங்கியது. 1840-களில் காவிரித் தலைப்பிலும் ஒரு குறுக்குக் கட்டுமானம் போட்டு, மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்திய பிறகே அது அடங்கியது. மணலை வெட்டி எடுத்துக்கொண்டே படுகை அணைக்கு நிதி கேட்பது, ஓட்டைப் பானைக்கு மூடி வாங்குவதைப் போன்றது.

பாலத் தூண்களில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. தூணைச் சுற்றிய பள்ளம் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது ஆழமாகி, நீர் வடியும்போது மணலால் மூடிக்கொள்ளும். அந்த மணல் இறுகியதல்ல. கோடையில் போய்ப் படம் எடுத்து, “தூண் நலம்” என்று எழுதப்படும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். திருச்சி கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாய்ந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது.

அதனால் கரைப் பணி பற்றி யார் கேட்டாலும், கல்லின் கணக்குக்கு முன் ஆழத்தின் கணக்கைக் கேட்கிறேன். வெள்ளம் ஓடும்போதே, எதிரொலியை வைத்து ஆழம் காணும் எக்கோ சவுண்டர் கருவியால் கரைக்குக் கரை அளந்த குறுக்குவெட்டுகள் வேண்டும். கருவி இல்லாத இடத்தில், பாலத்தின் மேலிருந்து குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்திருந்தாலும் போதும். அந்தப் பெரியவரின் ஊரில் மூன்று வருடக் கல்லுக்கும் ரசீது இருந்தது. ஆழம் குறித்த தாள் ஒன்றுகூட இல்லை.