ஷாக் அப்சார்பர் பிஸ்டன் வால்வு: ஒரு தகடு எவ்வளவு வளைய வேண்டும்?

ஷாக் அப்சார்பர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அதைச் சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங். சக்கரம் குழியில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அந்த அடியை முதலில் வாங்குவது ஸ்பிரிங்தான். ஆனால் வாங்கியதை அது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால், ஒரு மேட்டைத் தாண்டிய கார் வெகுதூரம் வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தீர்த்துக் கட்டுவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதைச் செய்யும் உறுப்பு சிலிண்டருக்குள், ஆயிலில் மூழ்கி, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது: பிஸ்டனும், அதன் இரு முகங்களிலும் உள்ள வால்வுகளும்.

அமைப்பு எளிமையானது. ஆயில் நிறைந்த சிலிண்டருக்குள் ஒரு ராடின் முனையில் பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டனில் துளைகள் உண்டு. சக்கரம் அசையும்போது பிஸ்டனும் நகரும், ஆயில் துளைகள் வழியே மறுபக்கம் போயாக வேண்டும். குறுகலான வழியில் ஆயிலைத் தள்ள அழுத்தம் தேவை. அந்த அழுத்தம்தான் பிஸ்டனைத் தடுக்கும் விசை.

சரி, அப்படியானால் சரியான அளவில் ஒரு துளை போட்டுவிட்டால் போதாதா? போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 30 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன், 12 மி.மீ. ராட் என்று வைத்துக்கொள்வோம். ஷாக் விரியும்போது ஆயிலைத் தள்ளும் பரப்பு சுமார் 594 சதுர மி.மீ. விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் 1,500 நியூட்டன் தடுப்பு விசை வேண்டும் என்றால், உள்ளே சுமார் 25 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) உருவாக வேண்டும். அந்த வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 300 மி.லி. ஆயில் பிஸ்டனைக் கடக்கும். இதற்குத் தேவையான துளைப் பரப்பு வெறும் 5.5 சதுர மி.மீ. அந்த வழியே ஆயில் மணிக்கு 270 கி.மீ. அளவு வேகத்தில் பீறிடும்.

இப்போது அந்தத் துளையை மாற்றாமல் வைத்துவிட்டு வேகத்தை மட்டும் மாற்றுவோம். துளை வழியே பாயும் திரவத்தின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் விநாடிக்கு 0.05 மீட்டரில் கிடைப்பது 15 நியூட்டன்தான். இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். குழியில் விழும்போது வேகம் 1.5 மீட்டருக்குப் போனால் விசை 13,500 நியூட்டன். வளைவில் வண்டி சாயும்போது கையாலாகாமல் இருந்த அதே ஷாக், குழியில் இரும்புக் கம்பிபோல் இறுகி, அடியை நேராகக் காரின் உடலுக்குக் கடத்தும்.

இந்த இரண்டு வேகங்களும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காரின் உடல் மெதுவாக, விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை அளவில் ஆடும். சக்கரமோ விநாடிக்கு பத்து முதல் பதினைந்து முறை துள்ளும் இயல்புடையது. பிரேக் போடும்போது முன்பக்கம் தாழ்வது, வளைவில் சாய்வது எல்லாம் பிஸ்டன் விநாடிக்கு 0.1 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் நகரும் நேரங்கள். அங்கே நல்ல பிடிமானம் வேண்டும். வேகம் கூடும்போது விசை கூடலாம், ஆனால் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆக, வேகத்துக்கு ஏற்பத் தானே பெரிதாகும் துளை தேவை. கணினி இல்லாமல், சென்சார் இல்லாமல், மில்லி விநாடிகளில்.

இதற்குக் கிடைத்த விடை வியக்க வைக்கும் அளவுக்கு எளிது. துளையின் வாயில் மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடு ஒன்றை வைத்து மூடுகிறார்கள். தொழிலில் இதற்கு ஷிம் என்று பெயர். நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தகடு, 0.1, 0.15, 0.2, 0.3 மி.மீ. என்று பல தடிமன்களில் வரும். நடுப்பகுதி இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், விளிம்பு மட்டும் வளைய முடியும். அழுத்தம் ஏற ஏற விளிம்பு மேலே தூக்கும், ஆயில் சுற்றிலும் வழியும். நம் கணக்கின் 5.5 சதுர மி.மீ. வழி, 24 மி.மீ. விட்டமுள்ள ஷிம்மின் விளிம்பில் கிடைக்க அது எவ்வளவு தூக்க வேண்டும் தெரியுமா? 0.07 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன். காரில் உட்கார்ந்திருப்பவர் உணரும் இதமும் பிடிமானமும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகின்றன. வடிவமைப்பும் தயாரிப்பும் இந்த உறுப்பில் ஏன் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன என்பதற்கும் இந்த எண்தான் காரணம்.

ஷிம்மின் விறைப்பு அதன் தடிமனின் கன மடிக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதாவது, 0.2 மி.மீ. ஷிம் ஒன்றின் விறைப்புக்கு ஈடாக 0.1 மி.மீ. ஷிம்கள் எட்டு வேண்டும். பிறகு ஏன் ஒரே தடித்த தகட்டைப் போட்டு வேலையை முடிக்காமல், மெல்லிய தகடுகளை அடுக்குகிறார்கள்? ஒரே அளவு வளையும்போது தடித்த தகட்டில் உள் தகைவு அதிகம். நாளடைவில் அது விரிசல் விடும். சக்கரம் விநாடிக்கு 12 முறை தொடர்ந்து துள்ளினால் ஒரு மணி நேரத்தில் ஷிம் 40,000 முறைக்கு மேல் வளைந்து நிமிரும். மெல்லிய தகடுகள் சுமையைப் பகிர்ந்துகொண்டு நீண்ட நாள் உழைக்கும். அடுக்கில் போகப்போக விட்டத்தைக் குறைத்து கூம்பு வடிவில் வைப்பதும் இதற்காகத்தான். வளைவு ஒரே இடத்தில் ஒடியாமல் பரவலாக விழும். தவிர, ஒரு ஷிம்மை மாற்றி வைத்தாலே விசை சற்று மாறும் என்பதால், நுணுக்கமாகச் சரிசெய்யவும் அடுக்கு உதவுகிறது.

அடுக்கு மட்டும் போதாது. ஷிம் உட்காரும் விளிம்பை, நடுவில் இறுக்கும் முகத்தைவிடச் சற்று உயரமாக வைத்தால் ஷிம் ஆரம்பத்திலேயே கொஞ்சம் வளைந்தபடி உட்கார்ந்திருக்கும். இதுதான் முன்சுமை. குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை திறக்காது, திறந்தபின் சட்டென்று வழிவிடும். விசையையும் வேகத்தையும் வரைபடமாகப் போட்டால், கோடு முதலில் செங்குத்தாக ஏறி, ஒரு முழங்காலில் மடங்கி, பிறகு சாய்வாகப் போகும். அன்றாட வண்டிக்கு இந்த வடிவம் மிகவும் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆனால் முழங்கால் கூர்மையாக இருக்கக் கூடாது. வால்வு திடீரென்று திறந்தால் அந்த விசை மாற்றம் உடலில் வெட்டலாகவும் சத்தமாகவும் தெரியும்.

அந்த முழங்காலை மழுக்குவது ப்ளீட் எனப்படும் நிரந்தரக் கசிவு வழி. ஷிம் திறக்கும் முன்பே கொஞ்சம் ஆயில் போக, முதல் தகட்டின் விளிம்பில் சிறு வெட்டுகள் விடுகிறார்கள். நம் பிஸ்டனில் விநாடிக்கு 0.05 மீட்டரில் 200 நியூட்டன் வேண்டும் என்றால் மொத்தக் கசிவுப் பரப்பு சுமார் 1.5 சதுர மி.மீ. 0.1 மி.மீ. தகட்டில் தலா 3 மி.மீ. அகலத்தில் ஐந்து வெட்டுகள் விட்டால் கிடைத்துவிடும்.

இந்த 1.5 சதுர மி.மீ. என்ற அளவை நினைவில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குள் போவோம். பெருமளவில் தயாராகும் பிஸ்டன்கள் பெரும்பாலும் இரும்புத் தூளிலிருந்து பிறக்கின்றன. இரும்புத் தூளுடன் கொஞ்சம் செம்பு, கிராஃபைட், மசகுப் பொருள் கலந்து, அச்சில் கொட்டி, பல நூறு மெகாபாஸ்கல் அழுத்தத்தில் அமுக்குகிறார்கள். சிறுநீரக வடிவத் துளைகள், ஷிம் உட்காரும் மேடுகள் எல்லாம் ஒரே அமுக்கில் வந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும் துளைகளில் ஒரு பாதி விரிவுக்கு, மறு பாதி அமுக்கத்துக்கு. ஒரு பக்க ஷிம் ஒரு பாதியை மூடும்போது, மறு பாதியின் நுழைவாயில் அந்த ஷிம்முக்கு வெளியே திறந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட வடிவத்தைக் கடைந்து எடுக்க நேரமும் செலவும் ஆகும். அமுக்கி எடுப்பது நொடி வேலை. மேலிருந்து கீழ் அமுக்குவதால் பக்கவாட்டுத் துளையை மட்டும் அச்சில் எடுக்க முடியாது. அதனால் வடிவமைப்பவர் ஆரம்பத்திலேயே அச்சு எந்தத் திசையில் பிரியும் என்று யோசித்துத்தான் வரைய வேண்டும்.

அமுக்கிய துண்டு கையால் உடைக்கக்கூடிய அளவுக்குப் பலவீனமானது. 1,120 டிகிரி செல்சியஸ் அளவில் உலையில் சூடாக்கும்போது இரும்புத் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். இதுதான் சின்டரிங். அப்புறமும் உள்ளே நுண்துளைகள் இருக்கும். அடர்த்தி திட இரும்பைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த நுண்துளைகள் வழியே ஆயில் கசியாமலிருக்க, பிஸ்டனை 550 டிகிரி அளவில் நீராவியில் வைக்கிறார்கள். இரும்பும் நீராவியும் சேர்ந்து மேக்னடைட் என்ற கருநீல ஆக்சைடு படலம் உருவாகி, துளைகளை அடைத்து, மேற்பரப்பையும் கடினமாக்கும். பந்தய வண்டிகளுக்கோ சிறு எண்ணிக்கைக்கோ என்றால் அச்சுச் செலவு கட்டாது. அலுமினியத்தை சிஎன்சி இயந்திரத்தில் கடைந்துவிடுவார்கள்.

ஷிம் உட்காரும் மேட்டைத் தட்டையாக்குவதுதான் இதில் கவனம் கோரும் கட்டம். பிசிறாலோ கோணலாலோ ஷிம் சுற்றளவு முழுவதும் வெறும் 0.02 மி.மீ. தூக்கி நின்றால், 75 மி.மீ. சுற்றளவுக்குக் கசிவுப் பரப்பு 1.5 சதுர மி.மீ. நாம் கணக்குப் போட்டு வெட்டிய ப்ளீட்டின் பரப்பே அவ்வளவுதான்! கேட்காமல் இன்னொரு ப்ளீட் முளைத்துவிட்டது என்று பொருள். அதனால்தான் அந்த முகத்தை நுண்ணிய தேய்ப்புப் பொருளால் லேப்பிங் செய்து, சில மைக்ரான்களுக்குள் தட்டையாக்குகிறார்கள்.

பிஸ்டனின் வெளிச்சுற்றிலும் இதே கதை. 30 மி.மீ. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.02 மி.மீ. இடைவெளி என்றால் அங்கே மட்டும் கிட்டத்தட்ட 1.9 சதுர மி.மீ. இதை மூட, வெண்கலத் தூளோ கார்பனோ கலந்த டெஃப்லான் பட்டையைப் பிஸ்டன்மேல் சூடாக்கி இறுக்கிப் படிய வைக்கிறார்கள். உராய்வும் குறையும். குறுகிய நீண்ட இடைவெளிக் கசிவில் இன்னொரு தொல்லையும் உண்டு: அது ஆயிலின் பிசுக்கைப் பொறுத்தது. ஆயில் சூடாகிப் பிசுக்குக் குறைந்தால் கசிவு கூடும். கூர்மையான விளிம்புள்ள துளையில் பாய்வதோ முக்கியமாக அடர்த்தியைப் பொறுத்தது. வெப்பத்தால் அது அதிகம் மாறாது. ஆகவே ஆயில் வால்வு வழியாக மட்டுமே போகும்படி எவ்வளவுக்குக் கட்டாயப்படுத்துகிறோமோ, அவ்வளவுக்கு ஷாக் குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

ஷிம்களை ஸ்பிரிங் எஃகுப் பட்டையிலிருந்து அச்சில் வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும்; சிறு கற்களோடு உருட்டி அதை நீக்குவதோடு விளிம்பையும் மழுக்குவார்கள். விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் விளிம்புதான். தடிமனிலும் விட்டுக்கொடுக்க முடியாது. 0.2 மி.மீ. தகட்டில் 0.01 மி.மீ. கூடிவிட்டால் அது 5 சதவீதம். கன விதிப்படி விறைப்பு 16 சதவீதம் கூடிவிடும்.

பிறகு எல்லாவற்றையும் வரிசையாக ராடின் முனையில் கோத்து நட் போட்டு இறுக்குவார்கள். இறுக்கத்தை அளந்து கொடுக்க வேண்டும்: குறைந்தால் அடுக்கு நழுவும், மிஞ்சினால் பிஸ்டனின் நடுப்பகுதி நசுங்கி முன்சுமையே மாறிவிடும். கோர்க்கும் முன் கழுவுவதும் தயாரிப்பின் முக்கியமான பகுதியே. 0.05 மி.மீ. உலோகத் துகள் ஷிம்மின் அடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று இப்போது சொல்லத் தேவையில்லை.

அமுக்கத்தின்போது இன்னொரு எல்லை குறுக்கிடுகிறது. ஒற்றைக் குழாய் ஷாக்கில் பிஸ்டனின் ராட் பக்கத்தில் அழுத்தம் சரியும். மிகவும் சரிந்தால் ஆயிலில் குமிழ்கள் தோன்றி, விசை வந்து சேரத் தாமதமாகும். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் உருவாக்கிய வடிவத்தில், ராடோடு இணையாமல் மிதக்கும் இன்னொரு பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தப்பட்ட வாயு ஆயிலை எப்போதும் அமுக்கத்தில் வைத்திருக்கும். அந்த அழுத்தம் 25 பார் என்றால், நம் அளவுள்ள பிஸ்டனின் அமுக்க வால்வு தரக்கூடிய விசை சுமார் 1,500 நியூட்டனோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஷிம்மை விறைப்பாக்கிப் பயனில்லை. இரட்டைக் குழாய் ஷாக்கில் அமுக்கத்தின் பெரும் பங்கை அடியிலுள்ள இன்னொரு வால்வு ஏற்றுக்கொள்கிறது. எப்படியானாலும் விரிவுக்கான விசையைத்தான் அமுக்கத்தைவிடப் பெரிதாக வைப்பது வழக்கம். அமுக்கத்தில் மிகையாகத் தடுத்தால் மேட்டின் அடி நேராக உடலுக்கு ஏறும் என்பதே காரணம்.

கடைசியில் ஷாக்கைச் சோதனை இயந்திரத்தில் பொருத்தி ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 100 மி.மீ. ஓட்டத்தில் நிமிடத்துக்கு 100 முறை ஆட்டினால் உச்ச வேகம் விநாடிக்கு 0.52 மீட்டர். வேகத்தை மாற்றி மாற்றி எடுத்த புள்ளிகளை இணைத்தால் வால்வின் வரைபடம் கிடைக்கும். பலரும் உச்ச வேகத்தின் பெரிய எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது 0.1 மீட்டருக்குக் கீழுள்ள பகுதியை. அங்கே கோடு தாழ்ந்திருந்தால் எங்கோ கசிகிறது: ஷிம் மேடு, டெஃப்லான் பட்டை அல்லது மாட்டிக்கொண்ட ஒரு துகள். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் கோடு வேறு வேறு பாதையில் போய் அகலமான வளையம் உண்டானால், குமிழ்களையோ அடுக்கின் தகடுகளுக்கு இடையிலான உராய்வையோ சந்தேகிக்க வேண்டும். முழங்கால் நினைத்த இடத்தில் இல்லாவிட்டால் முன்சுமையையும், முழங்காலுக்குப் பின் சாய்வு தவறினால் ஷிம் அடுக்கையும் திறந்து பார்ப்பார்கள். ஒரு ஷிம்மை மாற்றி, மீண்டும் கோத்து, மீண்டும் ஆட்டுவார்கள்.