பேட்டரி: மின்கலமா, மின்கல அடுக்கா?

பேட்டரி என்றால் மின்கலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டைக்கு அது சரி. அது ஒற்றைக் கலம். கார் பேட்டரிக்குள்ளோ சுமார் 2 வோல்ட் வீதம் ஆறு கலங்கள் இருக்கின்றன. அது மின்கல அடுக்கு.

மூலச்சொல் அடிதடியில் பிறந்தது. பிரெஞ்சில் 'பாத்ர்' என்றால் அடித்தல். கோட்டையை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகள் பேட்டரி ஆயின. 1749-இல் பெஞ்சமின் பிராங்க்ளின், ஈயத் தகடு பொருத்திய 11 கண்ணாடிப் பலகைகளை இணைத்து, அந்தத் தொகுதிக்கு இதே பெயரை வைத்தார். வேடிக்கை என்னவென்றால், இன்றைய கணக்கில் அது பேட்டரியே இல்லை, வேதிவினை இல்லாமல் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கி (கெபாசிட்டர்)! வேதிவினையால் மின்சாரம் தந்த முதல் அடுக்கு 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா செய்தது: உப்புநீரில் நனைத்த அட்டைகளை இடையிட்டு, இருவகை உலோக வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். 'அடுக்கு' என்ற நம் சொல் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில வகை 1859-இல் வந்தது. பிளான்தே என்ற பிரெஞ்சுக்காரரின் வேலை.

'கலம்' பழைய சொல். உண்கலம், மரக்கலம், நெல் அளக்கும் கலம் எல்லாம் கொள்ளும் பொருள்கள். ஆனால் மின்கலம் மின்சாரத்தை அப்படியே கொள்வதில்லை; வேதியாற்றலாக மாற்றித்தான் வைத்திருக்கிறது.

நண்பகலில் குவியும் சூரிய மின்சாரத்தை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தள்ளிவைக்கும் பெரிய அமைப்புகளை என்னவென்பது? தென் ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017-இல் அமைத்த பேட்டரித் தொகுதி 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முதல் எண் எவ்வளவு வேகமாகத் தரும் என்பது, இரண்டாவது மொத்தம் எவ்வளவு தரும் என்பது. முழு வீச்சில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். செய்திகளில் முதல் எண்ணை மட்டும் போட்டால் பாதிச் செய்திதான்.

இதை 'மின்தேக்கி' என்று எழுதினால் குழப்பம். அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. நான் 'மின் சேமிப்பு நிலையம்' என்பேன். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்களே, அதையும் இந்தப் பெயரில் சேர்க்கலாம். அங்கே மின்கல அடுக்கு கிடையாது, சேமிப்பு உண்டு.