கண்ணுக்குள் பூச்சி பறக்குதா? எப்போது உடனே வர வேண்டும்

"கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதுங்க, கையால தட்டினாலும் போகல" என்று கிருஷ்ணகிரியில் எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் ஜெல் இளம் வயதில் நுங்கு போலக் கெட்டியாக இருக்கும், 50 வயதைத் தாண்டும்போது நீர்த்துச் சுருங்கும், அதில் மிதக்கும் இழைகளின் நிழல்தான் அந்தப் பூச்சி.

ஆனால் அந்த ஜெல் விலகும்போது சிலருக்கு, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருந்து காட்சியைப் பதிவு செய்யும் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். இழுபடும் விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது, வெளிச்சமாக மட்டுமே சொல்லத் தெரியும், அதனால்தான் இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் பளிச்சென்று மின்னுகிறது. இழுத்த இடம் கிழிந்தால் நீர் உள்ளே புகுந்து விழித்திரையையே பிரித்துவிடும்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர், மின்னல் தெரிய ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேல் கழித்து வந்தார். "வலி இல்லீங்களே சார், மாங்காய் லோடு ஏத்திட்டு வரலாம்னு இருந்துட்டேன்." அதற்குள் கீழிருந்து ஒரு கருப்புத் திரை ஏறி வந்து, எதிரில் இருந்த என் முகமே அவருக்கு நெளிந்து தெரிந்தது. கண்ணுக்குள் காட்சி தலைகீழாக விழுவதால், கீழே மறைத்தால் பிரிந்திருப்பது மேல்பக்கம்; அது நடுப்பகுதி வரை இறங்கிவிட்டிருந்தது. ஆபரேஷனில் விழித்திரை ஒட்டிவிட்டது, பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கிழிசலாக இருந்தபோதே வந்திருந்தால் சுற்றிலும் லேசர் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், அதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

திடீரென நிறையப் பூச்சிகள், புதிதாக மின்னல், ஓரத்தில் திரை, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். கிட்டப்பார்வைக்குப் பெரிய பவர் கண்ணாடி போடுபவர்கள், கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் திடீரெனக் கரும்புள்ளிகள் கொட்டினால் அது உள்ளே ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். தயவுசெய்து விளக்கெண்ணெய் விடாதீர்கள், மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டும் காத்திருக்காதீர்கள், இரண்டும் விழித்திரைக் கிழிசலை அடைக்காது.

துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள், கண்பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், பைக் ஓட்ட முடியாது. அப்புறம், சேலத்திலோ பெங்களூரிலோ ஆபரேஷன் செய்து, விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் கேஸ் நிரப்பியிருந்தால், அது கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானமும் ஏற்காடும் வேண்டாம். உயரம் போகப் போக கேஸ் விரியும், கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம்.