சித்திரை வெயிலில் குறையும் விமானத்தின் எடை வரம்பு

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஆர்.சி.யில் எழுதிய எடைதான் கணக்கு. மார்கழியானாலும் சித்திரையானாலும் அது மாறாது. மீறிப் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. விமானத்துக்கு அப்படி இல்லை. காலை ஆறு மணிக்கு ஏற்றிய பாரத்தை, அதே ஓடுபாதையில் மதியம் இரண்டு மணிக்கு ஏற்றக் கூடாமல் போகலாம்.

அதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. தயாரித்தவர் குறித்த உச்ச எடை ஒன்று. அன்றைய வெப்பம், காற்று, ஓடுபாதையின் நீளம், இடத்தின் உயரம் எல்லாம் பார்த்துக் கையேட்டு அட்டவணை தரும் எடை இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். அதற்குள் பாரம் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே விமானி கிளப்ப வேண்டும். பொறுப்பு அவருடையது.

வெயிலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. வெயில் 40 டிகிரியைத் தொட்டால் காற்றின் அடர்த்தி குறைந்துபோய், விமானத்துக்கு அது 4,000 அடிக்கு மேல் இருக்கும் இடம் மாதிரிதான். ஏற்காட்டு மலையில் முக்கால்வாசி ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் வலு குறையும், முன்னால் சுழலும் விசிறிக்குக் காற்றில் பிடிமானம் குறையும், இறக்கை தூக்குவதும் குறையும். மூன்றும் ஒரே நேரத்தில்.

செஸ்னா 172 எஸ் என்ற சின்ன விமானத்தையே எடுத்துக்கொள்வோம். உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானமே 760 கிலோ சொச்சம். டேங்க் நிறைய பெட்ரோல் 140 கிலோவுக்கு மேல். மிச்சம் 250 கிலோ. 75 கிலோ ஆட்கள் மூன்று பேர், ஒரு பை, அவ்வளவுதான். இருக்கை என்னவோ நான்கு! நாலாவது ஆள் வேண்டுமென்றால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். வெயில் கணக்கு இதற்கு அப்புறம்தான்.

இந்த எடை வரம்பை மீறினால் விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. விமானம் நீண்ட தூரம் ஓடி, ஒருவழியாக எழும்பும். தரையை ஒட்டி இருக்கும்வரை காற்று மெத்தைபோல் தாங்கும். அதைத் தாண்டியதும் ஏறாது. விமானி விமானத்தின் மூக்கை இன்னும் தூக்கிப் பார்ப்பார், வேகம் விழும், எதிரே மரமோ கம்பியோ வந்துவிடும்.

ஆகவே சின்ன விமானத்தில் ஏறுமுன் உங்கள் எடையைக் கேட்டால் பத்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். பையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டியை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள். அந்த விஷயத்தில் விமானி வைத்ததுதான் சட்டம்.