மாமியார் மொழிபெயர்க்கக் கூடாத பத்துக் கேள்விகள்

பிரிட்டனில் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டுவார்கள். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் அது. கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். அதன் ஆறாவது கேள்வியில் உள்ள ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'பொருட்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன' என்று வரும்.

ஒரு வீட்டில் அதை மொழிபெயர்த்தவர் மாமியார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அன்று மருமகள் பெற்ற மதிப்பெண் 30க்கு 3. (கூடினால்தான் கவலை.) எல்லாம் நலம் என்று ஹெல்த் விசிட்டர் (தாயையும் பிள்ளையையும் பார்க்க வரும் தாதி) எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆறு வாரம் கழித்து அதே பெண் என் முன் தனியாக இருந்தபோது, "எல்லாம் தலைக்கு மேலே போய்விட்டது போல இருக்கிறதா?" என்று அதே கேள்வியைக் கேட்டேன். பதில் இல்லை. பிள்ளையின் காலுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "நெஞ்சு அடைக்கிறது அக்கா. ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லையாம்" என்றார். இந்த முறை மதிப்பெண் 19.

எங்கள் பெண்கள் மனச்சோர்வு என்ற சொல்லோடு வருவதில்லை. தலைப்பாரம், நெஞ்சடைப்பு, உடம்பு ஏலாமை என்றுதான் வருகிறார்கள். வாயைத் திறந்தால் விசர் (பைத்தியம்) என்று சொல்லிவிடுவார்கள் என்பது ஒரு பயம். சோஷல் சேர்விஸ் (பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச பிரிவு) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பிரிட்டனில் வாழும் தெற்காசியத் தாய்மாருக்காகவே வடிவமைத்த குழுச் சிகிச்சை ஒன்றை ரோஷ்ணி-2 என்ற ஆய்வு சோதித்தது. முடிவுகள் 2024இல் லான்செட் இதழில் வந்தன. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுள்ள 732 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்கு நான்கு மாதங்களில் 12 குழு அமர்வுகள், மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. நான்காம் மாதத்தில் குழுவினரில் 49 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள், மற்றவர்களில் 37. ஆண்டு முடிவில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. இதைக் காட்டிக் குழுவால் பயனில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கைப்பிள்ளைக்காரி சில மாதம் முன்னதாகத் தேறுவது சின்ன விஷயமா? அதே சமயம், 12 அமர்வோடு கதவைச் சாத்திவிடலாம் என்று நினைப்பதும் தவறு.

பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றினோம் என்று சொல்லிக்கொண்டு கையேட்டில் சேலை கட்டிய படம் போட்டு, மேசையில் சமோசா வைக்கும் கூத்தையும் பார்த்திருக்கிறேன். மாற வேண்டியது பயிற்சியின் உள்ளடக்கம். 'முடியாது என்று உறுதியாகச் சொல்லுங்கள்' என்கிறது வழமையான பாடம். கூட்டுக் குடும்பத்தில் அந்த ஒரு சொல் மூன்று வாரச் சண்டை. ஆகவே தாய்மாருக்காக நாங்கள் நடத்தும் குழுவில் வேறு வசனங்களை ஒத்திகை பார்க்கிறோம். "மாமி, பால் கொடுத்துவிட்டு வந்து செய்கிறேன், நீங்கள் இருங்கள்." ஒருத்தி மருமகளாக, இன்னொருத்தி மாமியாக நடிப்பார்கள். மாமி வேடத்துக்குத்தான் போட்டி.

நேரம் காலை பத்தரை. மூத்த பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு வரலாம், கூப்பிடப் போவதற்குள் முடிந்துவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஆள் உண்டு. அழைப்பிதழில் 'தாய்மார் உடல்நல வகுப்பு' என்று மட்டும் இருக்கும். ஆனால் வந்த முதல் நாளே, இது மனத்துக்கான சிகிச்சை என்று சொல்லிவிடுவேன். யாரையும் ஏமாற்றி உட்கார வைப்பதில்லை.

ஒரு நாள் குழுவில் பேச்சு, பிள்ளை பெற்றவளுக்கு மிளகு அரைத்துச் செய்யும் சரக்குக்கறிக்குப் போனது. ஊரில் என்றால் துடக்கு (தீட்டு) கழியும் 31ஆம் நாள்வரை அம்மா அரைத்துக் கொடுத்திருப்பார். இங்கே விசா கிடைக்காத அம்மா வட்ஸ்அப்பில் அளவு சொல்ல, தையல் காயத்தோடு மகளே நின்று மிளகு அரைத்திருக்கிறாள். "அன்றைக்குத்தான் முதலில் அழுதேன்" என்றாள். சுற்றியிருந்த ஐந்து பேரில் மூவருக்கு அதே கதை.

பிரசவத்துக்குப் பின் சில நாள் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் ஹெல்த் விசிட்டரிடமோ குடும்ப வைத்தியரிடமோ சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், என்எச்எஸ்ஸில் (அரச சுகாதார சேவையில்) அதற்குக் கட்டணம் இல்லை. கேள்வித்தாளை நிரப்பும்போது கணவரும் மாமியாரும் வேறு அறையில் இருக்கட்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் என்எச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழைத்து, மனநல உதவிக்கு 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.