கொலை செய்த பிள்ளையிடம் யார் பேசுவது?

குற்றவழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருக்கிறேன். "கொலை செஞ்ச பையன்கிட்ட உட்கார்ந்து என்னத்தப் பேசுவே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு கிட்டா செரனி ஞாபகம் வந்துவிடும்.

1921இல் வியன்னாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மனியில், நாஜிகள் பிடுங்கிக் கொண்டுபோன குழந்தைகளைத் தேடிப் பெற்றோரிடம் சேர்க்கும் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் பத்திரிகையாளர். உலகமே காறித் துப்பிய மனிதர்களின் வாழ்க்கையைத்தான் அவர் எழுதினார். போலந்தில் நாஜிகள் நடத்திய ட்ரெப்ளிங்கா கொலைமுகாமின் தளபதியாக இருந்த ஃபிரான்ஸ் ஸ்டாங்கலை 1971இல் டூசல்டார்ஃப் சிறையில் சந்தித்தார். முதல் நாள் காலை முழுக்க ஸ்டாங்கல் வழக்கமான மறுப்புகளையே ஒப்பித்தார். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, சிறுவயதிலிருந்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் செரனி. ஏறத்தாழ 70 மணி நேரப் பேச்சு. குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்ற சொல் கடைசிச் சந்திப்பில்தான் வந்தது. மறுநாளே ஸ்டாங்கல் இதயம் செயலிழந்து இறந்தார்.

என் தொழிலுக்கு நெருக்கமானது இன்னொரு வழக்கு. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இரண்டு சின்னஞ்சிறுவர்களைக் கொன்ற மேரி பெல்லுக்கு விசாரணையின்போது வயது 11. விசாரணையை நேரில் பார்த்து செரனி 1972இல் ஒரு புத்தகம் எழுதினார். வளர்ந்த மேரியிடமே பேசி, 1998இல் இரண்டாவது புத்தகம். அந்தச் சிறுமி வீட்டில் பட்ட கொடுமைகள் அப்போதுதான் விரிவாக வெளியே வந்தன. அவற்றைக் கேட்டு எழுதியதால் செரனி கொலையை நியாயப்படுத்திவிடவில்லை.

ஆனால் அந்தப் புத்தகத்துக்காக மேரிக்கு செரனி பணம் கொடுத்ததால் பெரும் கொந்தளிப்பு. பத்திரிகைக்காரர்கள் வீட்டை முற்றுகையிட்ட பிறகுதான் மேரியின் மகளுக்குத் தன் அம்மா யாரென்றே தெரிந்தது. ஒரு தவறும் செய்யாத பிள்ளை அவள். இருவர் அடையாளத்தையும் ஆயுளுக்கும் வெளியிடக்கூடாதென்று நீதிமன்றம் சொன்னது 2003இல்.

நம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் சிறாரின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப்பில் அப்படியொரு படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள்.

ஒரு பையன் மூன்று அமர்வுகள் வாயே திறக்கவில்லை. பெஞ்சின் பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். நான்காவது நாள் தலை நிமிராமல் சொன்னான்: "மேடம், என் போட்டோ தங்கச்சி ஸ்கூல் வரைக்கும் போயிருச்சாம். அவ இப்ப ஸ்கூலுக்கே போறதில்லையாம்."

அவன் செய்த காரியத்தைப் பற்றி அன்று நாங்கள் பேசவில்லை. தங்கச்சியைப் பற்றித்தான் பேசினோம்.