டிமென்ஷியா: மறதி என்று சொன்னால் போதுமா?

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் எந்தக் கிருமி என்று தெரியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். நினைவு, பேச்சு, கணக்கு, திட்டமிடல், இடமும் காலமும் உணர்தல், சீர்தூக்கிப் பார்த்தல் ஆகிய திறன்களில் சில, முன்பிருந்த அளவிலிருந்து குறைந்துகொண்டே வந்து, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும்போது மருத்துவர்கள் இந்தச் சொல்லை எழுதுகிறார்கள். பின்னணியில் இருப்பது அல்சைமர் நோயாக இருக்கலாம், மூளை ரத்தக் குழாய்களின் பாதிப்பாக இருக்கலாம், லூயி உடல்கள் எனப்படும் புரதத் திரள்களாக இருக்கலாம், மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சிதைவதாகவும் இருக்கலாம். ஒருவருக்கே இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு. 2021 நிலவரப்படி உலகில் 5.7 கோடிப் பேர் இந்த நிலையில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குக் காரணம் அல்சைமர்.

சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'டே' என்றால் நீங்குதல், 'மென்ஸ்' என்றால் மனம். மனம் நீங்கிய நிலை. இந்த மென்ஸும் வடமொழியின் மனஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தவை. அப்படியானால் நம்முடைய 'மனம்' இதற்கு உறவா என்று கேட்டால் தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த வழக்கை இங்கே எடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. இந்தச் சொல் முதலில் முதுமைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பித்து, வெறி, புத்தி பேதலிப்பு எல்லாமே டிமென்ஷியாதான். 1810இல் வந்த பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம், செயலின்போது 'டெமான்ஸ்' நிலையில் இருந்தவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றது. அங்கே அதற்குப் பைத்தியநிலை என்றுதான் பொருள். 1838இல் எஸ்கிரோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எல்லையைச் சற்றுச் சுருக்கினார். பிறவியிலேயே அறிவு வளராதவர் எப்போதும் ஏழையாக இருந்தவர், டிமென்ஷியா வந்தவரோ செல்வந்தராக இருந்து ஏழையானவர் என்று அவர் பிரித்துக் காட்டினார். இன்றைய வரையறையில் உள்ள 'முன்பிருந்த அளவிலிருந்து' என்ற நிபந்தனை, இந்த ஒரு வாக்கியத்தில் முழுசாக இருக்கிறது. ஆனாலும் அந்த நூற்றாண்டின் கடைசிவரை குழப்பம் தீரவில்லை. இளைஞர்களைத் தாக்கும் ஒரு மனநோய்க்குக்கூட 'இளம்பருவ டிமென்ஷியா' என்றுதான் பெயர் இருந்தது. 1908இல் பிளாய்லர் என்ற மருத்துவர் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று வேறு பெயர் வைத்த பிறகுதான் அது இந்தப் பட்டியலிலிருந்து வெளியேறியது.

இதற்கிடையில், 1901இல், ஃபிராங்ஃபர்ட் மனநல விடுதியில் 51 வயதுப் பெண் ஒருவரின் முன்னால் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். "ஆகுஸ்டே." குடும்பப் பெயர்? "ஆகுஸ்டே." கணவர் பெயர்? "ஆகுஸ்டே என்று நினைக்கிறேன்." அந்தப் பெண் 1906இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், அவருடைய மூளையில் கண்ட படிவுகளையும் நார்முடிச்சுகளையும் அல்சைமர் ஒரு மருத்துவர் கூட்டத்தில் விளக்கினார். 1910இல் கிரப்பெலின் என்ற மனநல மருத்துவர் தம் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமர் என்று பெயரிட்டார். ஆனால் அது நடுவயதில் வரும் அபூர்வ நோய் என்ற எண்ணம்தான் நிலைத்தது. வயதானவருக்கு வந்தால் அது மூப்பின் இயல்பு என்று மருத்துவ உலகமே கையைக் கழுவிவிட்டது. இரண்டும் ஒன்றே, வயதைக் காரணம் காட்டி நோயை மறைக்காதீர்கள் என்று ராபர்ட் காட்ஸ்மன் என்ற நரம்பியல் மருத்துவர் எழுதியது 1976இல்தான். 'வயசானால் அப்படித்தான்' என்று சொல்லும் வீட்டுக்காரரை நான் அதிகம் கடிந்துகொள்வதில்லை. மருத்துவர்களே அதை விட்டு அரை நூற்றாண்டுதான் ஆகிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

பழைய வழக்கு நம்மிடம் இல்லாமல் இல்லை. இலங்கைத் தமிழில் 'அறளை பெயர்தல்' என்ற தொடர் உண்டு. மூத்தவர் ஒருவர் முன்னுக்குப் பின் பேசினால், கேட்டதையே திரும்பக் கேட்டால், 'அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். அருமையான தொடர், ஆனால் ஏளனம் கலந்தது; பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுவது. ஒருவரின் மருத்துவச் சீட்டில் அதை எழுத முடியாது. 'மதிமயக்கம்', 'புத்தி தடுமாற்றம்' ஆகியவற்றுக்கும் இதே குறை. அவை திடீரென வந்துபோகும் குழப்பத்தையும் குறிக்கும். காய்ச்சலில் உளறுவது வேறு, இது வேறு.

ஏடுகளிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இன்று பரவலாக இருப்பவை 'மறதிநோய்', 'முதுமை மறதி' என்ற இரண்டும். எளிமையானவை, கேட்டவுடன் புரிபவை. என் மனக்குறை இவற்றின்மீதுதான்.

முதல் குறை, மறதி நம் மொழியில் ஒரு குற்றம். திருக்குறள் அதற்கென்றே 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. பொச்சாப்பு என்றால் மெத்தனத்தால் வரும் மறதி. அக்கறை இருந்தால் மறக்காது என்பதே நம் பேச்சின் அடியில் ஓடும் நம்பிக்கை. 'மறந்துவிட்டாயா?' என்ற கேள்வியில் எப்போதும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. "அப்பா, இப்போதுதானே சொன்னேன், அதற்குள் மறந்துவிட்டீர்களா?" என்று மகள் கேட்கும்போது அப்பா தலை குனிகிறார். இப்போதுதான் சொன்னது அவருடைய மூளையில் பதியவே இல்லை. பதியாததை யாரும் மறக்க முடியாது. அல்சைமரில் முதலில் அடிபடுவது புதியதைப் பதித்து வைக்கும் பகுதி. அதனால்தான் ஐம்பது ஆண்டு பழைய கதை தெளிவாக வருகிறது, காலையில் வந்துபோனவர் யார் என்பது வருவதில்லை. இதைப் பார்த்துத்தான் 'வேண்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது' என்ற பழியும் வந்து விழுகிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. மறதி இல்லாமலும் டிமென்ஷியா தொடங்கும். மருத்துவர்கள் செய்யும் கடிகாரச் சோதனையைப் பாருங்கள். ஒரு வட்டம் வரைந்து, எண்களை இட்டு, 11 மணி 10 நிமிடம் காட்டும்படி முள்ளை வரையச் சொல்வார்கள். சிலர் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிடுவார்கள். சிலர் எண்களைச் சரியாக இட்டுவிட்டு, பெரிய முள்ளை 2க்குக் கொண்டுபோகாமல் 10க்கு நேராக இழுத்துவிடுவார்கள். கடிகாரம் என்றால் என்ன என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. 'பத்து நிமிடம்' என்பதை '2' என்ற இடமாக மாற்றிக்கொள்ளும் திறன்தான் போய்விட்டது. மூளையின் முன்பகுதி சிதையும் வகையில் ஞாபகம் நன்றாகவே இருக்கும். கூச்சம் போய்விடும், பரிவு போய்விடும், வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர் கண்டபடி பணத்தைக் கொட்டுவார். லூயி உடல் வகையில், அறையில் யாரோ குழந்தைகள் நிற்பதாகத் துல்லியமாக வர்ணிப்பார். மறதிநோய் என்ற பெயரை மட்டுமே கேட்டிருக்கும் குடும்பம் இதைத் திமிர் என்றோ, பேய் என்றோ எடுத்துக்கொள்கிறது. மருத்துவரிடம் போக இரண்டு, மூன்று ஆண்டுகள் வீணாகின்றன. அந்தத் தாமதத்துக்கு விலை உண்டு: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லச் சேர்ந்த ரத்தக்கட்டு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும். நேரத்தில் கண்டுபிடித்தால் இவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

'முதுமை மறதி'யில் இன்னொரு சிக்கல்: 65 வயதுக்கு முன்பே வருபவர்களுக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை. ஆகுஸ்டேவுக்கும் இல்லை.

பெயரை மாற்றுவது வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 'சிஹோ' என்ற சொல் வழங்கிவந்தது. அதன் எழுத்துகளுக்கு மடமை, மந்தம் என்ற பொருள். 2004இல் அரசு அதைக் கைவிட்டு 'நின்சிஷோ' என்ற சொல்லை ஏற்றது. அறிதல் சார்ந்த நோய்நிலை என்று பொருள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடும் டிமென்ஷியாவுக்குப் பதிலாக 'பெரும் நரம்பியல்-அறிதிறன் கோளாறு' என்று எழுதியது. அது மருத்துவர்களின் வாயிலேயே சரியாக நுழையவில்லை என்பது வேறு கதை.

தமிழில் என் தேர்வு 'அறிதிறன் தேய்வு'. அறிதிறன் என்பதில் நினைவும் அடங்கும், மொழியும் அடங்கும், முடிவெடுப்பதும் அடங்கும். இழப்பு, அழிவு என்று சொன்னால் ஒரே நாளில் எல்லாம் போய்விட்டது போலாகும். தேய்வு என்றால் மெல்ல நடப்பது; இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'மனத்தேய்வு' என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் தேய்வது மனம் அல்ல. பெயர் மறந்த பிறகும் குரலில் இருக்கும் கோபத்தை அவர்கள் உணர்ந்துகொள்கிறார்கள். வீட்டுப் பேச்சில் டிமென்ஷியா என்றே சொன்னாலும் குறை ஒன்றும் இல்லை. 'டிமென்ஷியா நோயாளி' என்பதைவிட 'டிமென்ஷியா உள்ளவர்' என்பது நல்லது.

இனி இதன் துணைச் சொல்லுக்கு வருவோம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத கட்டம் வரும்போது குடும்பங்கள் தேடுவது 'அசிஸ்டெட் லிவிங்'. நாம் எல்லாவற்றையும் 'முதியோர் இல்லம்' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? பள்ளியில் 'சேர்க்கிறோம்', மருத்துவமனையில் 'சேர்க்கிறோம்', முதியோர் இல்லத்தில் மட்டும் 'கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்'. அந்த ஒரு வினைக்கு அஞ்சியே, இரவெல்லாம் கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட மருமகளும் மகனும் எத்தனையோ பேர்.

ஆனால் அசிஸ்டெட் லிவிங் பிறந்தது கைவிடுவதற்கு நேர்மாறான எண்ணத்தில். பக்கவாதம் வந்து பராமரிப்பு விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தாயின் மகளான கெரன் பிரவுன் வில்சன், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இதைத் தொடங்கினார். அங்கே இருந்தவர்கள் நோயாளிகள் அல்லர், குடியிருப்போர். தனி அறை, உள்ளே தாழிடும் உரிமையுள்ள கதவு, சின்னச் சமையலறை, விரும்பினால் செல்லப்பிராணி. உதவி கூப்பிடும் தூரத்தில். வாழ்வது அவர், துணை நாம் என்பதுதான் பொருள். 'உறுதுணை இல்லம்' என்று இதைச் சொல்லலாம். இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் தேவைப்படும் நிலைக்கு 'செவிலியர் பராமரிப்பு இல்லம்' என்ற தனிப்பெயர் வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்களுக்கென்றே அமைந்த பகுதியை 'நினைவுப் பராமரிப்புப் பிரிவு' என்கிறார்கள். விளம்பரங்கள் மூன்றையும் கலந்துதான் அடிக்கும்.

ஆகவே இடம் தேடும்போது பெயர்ப்பலகையை விடுத்து, 1963இல் கட்ஸ் என்ற மருத்துவர் வகுத்த ஆறு செயல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல். உங்கள் அம்மாவுக்கு இவற்றில் எதில் உதவி வேண்டும், அந்த இல்லம் எதற்கெல்லாம் ஆள் தரும், அதில் ஒன்று கூடினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். நிலை முற்றியபின் 'இனி எங்களால் முடியாது' என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. அதை ஒப்பந்தத்தில் முதலிலேயே படித்துவிட வேண்டும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்பது பகலைவிட முக்கியம்.

பார்வையிடப் போவதானால் காலையில் போகாதீர்கள், மாலையில் போங்கள். டிமென்ஷியா உள்ளவர்கள் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் அலைச்சலும் பதற்றமும் கூடும். அப்போது ஒரு பெரியவர் கதவருகே நின்று, "நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார். ஊழியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 'இதுதான் உங்கள் வீடு' என்று வாதாடுகிறாரா, கையைப் பிடித்து இழுக்கிறாரா, அல்லது பக்கத்தில் உட்கார்ந்து "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று பேச்சுக் கொடுக்கிறாரா? பளிங்குத் தரையும் வரவேற்பறைப் பூச்சாடியும் சொல்லாததை இந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடும். எல்லோரும் சத்தமே இல்லாமல் தூங்கி வழிந்தால், அமைதிப்படுத்தும் மருந்து எந்த அளவில் தருகிறார்கள், யார் எழுதித் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். மனப்பிறழ்வுக்கான மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. கடும் பதற்றத்துக்குச் சில நேரம் அவை தேவைப்படும். ஆள் பற்றாக்குறைக்கு அவை மருந்து அல்ல.

இதையெல்லாம் பார்க்கப் போகும்போது, தேய்வு தொடக்க நிலையில் இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அறை, சன்னல் எந்தப் பக்கம், பக்கத்தில் யார், எந்த நாற்காலியை வீட்டிலிருந்து எடுத்துவருவது என்பதை அந்தக் கட்டத்தில் அவரே சொல்லிவிடுவார். வங்கிக் கணக்கு, சொத்து, தம் சார்பில் மருத்துவ முடிவை யார் எடுப்பது என்ற கையெழுத்துகளும் அப்போதே நடந்துவிட வேண்டும். அறிந்து இடும் கையெழுத்துக்குத்தான் சட்டத்தில் மதிப்பு. அந்த அறிதல் எத்தனை மாதம் நீடிக்கும் என்பதை எந்த மருத்துவராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது.